குறுக்கே வந்தவர்

மணிக்கு 130 கிலோமீட்டர் பறக்கக்கூடிய ஒரு பைக்கை, 30-க்கு மேல் போகவே முடியாத தெருவில் குடியிருந்துகொண்டு வாங்குவது சரியா, தப்பா?

'உங்க காசு, உங்க பைக். இதுல சரி, தப்பு எங்கே சார் வந்தது?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பெட்ரோல், தேய்மானம், வங்கி வட்டி என்று பி.காம். மூளையோடு கணக்குப் போட்டால் தப்புதான். ஆனால், நான் கேட்பது அந்தக் கணக்கை அல்ல.

முதலில் பைக். என் தலைமுறைக்கு ஆர்.எக்ஸ். 100. வெறும் 98 சி.சி. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோனது. சாலை ரோடில் அது வரும்போதே தில்லைநகரில் சத்தம் கேட்கும். 1999-ல் சி.பி.இசட்., 2001-ல் பல்சர் என்று படிப்படியாகச் சூடேறி, 2008-ல் யமஹா ஆர்15 வந்தது. பந்தய பைக்கின் முகம், படுத்துக்கொண்டு ஓட்டுகிற தோரணை, ரேடியேட்டர், ஆறு கியர். இன்ஜின் மட்டும் 150 சி.சி.க்கு ஒரு நூல் குறைவு. ஸ்ரீரங்கத்துக் கணக்கில் சொன்னால், ஒரு டம்ளர் காபி. அவ்வளவு இடத்துக்குள்தான் அத்தனை ஆர்ப்பாட்டமும் நடக்கிறது.

அதன் பிந்தைய வடிவம் ஒன்று, 155 சி.சி., என்னிடம் இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய ஆசாமி அதில் குனிந்துகொண்டு போனால் சிக்னலில் கேட்பார்கள்: 'பையனோட வண்டியா சார்?' ஆமாம் என்று சொல்லிவிடுவது சௌகரியம். இன்னொரு வேடிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாக இறங்கியது. ஆக, பால்காரரின் பைக்கும் என்னுடைய பைக்கும் அரசாங்கத்தின் கண்ணில் ஒரே வரிசை. எனக்கு இதில் கொஞ்சம் பெருமைகூட.

விடிகாலையில் திருவானைக்காவலிலிருந்து கல்லணை ரோடில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் வாழைத் தோட்டம். வளைவு வரும்போது ஹேண்டில்பாரைத் திருப்புவதில்லை. உடம்பைச் சாய்த்தால் போதும், பைக் தானாகச் சாய்ந்து, வளைந்து, நிமிர்ந்துவிடும். 7,000 சுற்றைத் தாண்டியதும் இன்ஜின் குரல் மாறும். அந்த நிமிடத்தில் வீட்டுக் கடன், ஆபீஸ் அரசியல், சர்க்கரை அளவு எதுவும் ஞாபகத்தில் இருக்காது. கண், கை, கால், காது எல்லாம் ஒரே வேலையில் இருக்கும். எத்தனை பேருக்கு ஒரு நாளில் அப்படிப் பத்து நிமிடம் வாய்க்கிறது?

அதனால், 'எல்லாம் கொழுப்பு சார்' என்று ஒதுக்கிவிடுகிற பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2023 தீபாவளி சமயத்தில் திருச்சிப் பக்கம் நெடுஞ்சாலையில் பைக்கில் பட்டாசைக் கட்டி, முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டி, வீடியோ எடுத்துப் போட்டு, போலீஸில் மாட்டினார்கள் சில இளைஞர்கள். அது கொழுப்பு. சந்தேகமில்லை. ஆனால், வளைவில் ஒழுங்காகச் சாயக் கற்றுக்கொள்வது ஒரு வித்தை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால், பையன்கள் நம் பேச்சு எதையுமே கேட்க மாட்டார்கள்.

அவர்கள் திருப்பிச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். 'என் உயிர், என் ரிஸ்க்.'

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவனுடைய விஷயத்தில் சமூகம் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. (இந்த மனிதர் லண்டனில் முப்பத்தைந்து வருஷம் கிழக்கிந்திய கம்பெனி ஆபீஸில் உத்தியோகம் பார்த்தவர். நம் சுதந்திரத்தைப் பற்றி அப்போது யோசித்தாரா என்பது வேறு கதை.) உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட்டைக் கறாராகக் கட்டாயமாக்கியபோது, டீக்கடைகளில் எல்லாரும் மில்லாக மாறினார்கள். 'மண்டை என்னோடது. உடைஞ்சா கவர்மென்ட்டுக்கு என்ன?'

மில்லின் கட்சி எனக்குப் பிடிக்கும். பிரச்னை, 'பிறருக்குத் தீங்கு வராதவரை' என்கிற அந்த முன்பாதியில் இருக்கிறது.

உங்கள் இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பாருங்கள். நம்மில் பலர் அதைப் போலீஸ் நிறுத்தும்போது மட்டுமே வெளியே எடுக்கிறோம். முதல் நபர் நீங்கள். இரண்டாம் நபர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. உங்கள் பைக்குக்கு வரும் சேதத்துக்கு நீங்கள் காப்பீடு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சட்டம் கவலைப்படாது. ஆனால், 'தேர்ட் பார்ட்டி' இல்லாமல் பைக்கை ரோட்டில் இறக்க முடியாது. 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்து வருஷத்துக்கு மொத்தமாகவே கட்டியாக வேண்டும். அது சுப்ரீம் கோர்ட் உத்தரவு.

யார் இந்த மூன்றாம் நபர்? பெயர் கிடையாது, முகவரி கிடையாது. நீங்கள் இன்னும் பார்த்திராத ஒருவர். பைக் ஓட்டுகிற சொந்தக்காரருக்கு எடுக்க வேண்டிய தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்ச ரூபாய். அந்த மூன்றாம் நபரின் உயிருக்கு என்ன தொகை? வரம்பே கிடையாது! தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு. அவருடைய சைக்கிளுக்கும் காய்கறி வண்டிக்கும் வரம்பு உண்டு, உயிருக்கு இல்லை. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு மனிதாபிமானத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அதற்கான கட்டணத்தையும் சி.சி. பார்த்தே வைத்திருக்கிறார்கள். 2022-ல் நிர்ணயித்தபடி 150 சி.சி. வரை வருஷத்துக்கு 714 ரூபாய். அதைத் தாண்டினால் 1,366. அந்த உபரி ஐந்து சி.சி.க்கு நான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கட்டுகிறேன். நியாயம்தான்.

மூன்றாம் நபரை நேரில் பார்க்க வேண்டுமானால், காலை ஆறரை மணிக்கு ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்கு வாருங்கள். வாசலில் கோலம் போடுகிற மாமி, குனிந்த தலை நிமிராமல் பின்பக்கமாக நகர்வார். பால் கவர் தொங்கும் சைக்கிள். கோயிலுக்கு வழி கேட்டு நடுத்தெருவில் நிற்கும் ஆந்திரா பஸ் பயணிகள். ஸ்கூல் வேனுக்கு ஓடும் குழந்தை. யாருக்கும் சொந்தமில்லாத பசு. இத்தனை பேருக்கு நடுவில் ஒரு பையன் 60-ல் போகிறான் என்றால் அவன் எப்படிப் போகிறான்? கோலம் போடுகிறவர் ஒதுங்குகிறார், சைக்கிள்காரர் பிரேக் பிடிக்கிறார், அம்மா குழந்தையை இழுக்கிறாள். அதனால் போகிறான். பைக்கை ஷோரூமில் காசு கொடுத்து வாங்கினான், சரி. வேகத்தை அங்கே விற்கவில்லையே. அதை அவன் தெருவிலிருப்பவர்களிடம் கேட்காமலே கடன் வாங்குகிறான்.

இதே தெருவில் தை மாதம் தேர் போகிறது. அத்தனை பெரிய வாகனம். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே முட்டுக்கட்டையோடு ஆட்கள் நடந்து வருவார்கள். தெருவைக் கேட்டுக்கேட்டுத்தான் நகரும்.

கொஞ்சம் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு சுமார் 17 மீட்டர். ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கு முகப்பு குறுகல், நீளம்தான் அதிகம். ஆகவே 'ஐயோ' என்று உங்களுக்கு உறைத்து, கை பிரேக்குக்குப் போவதற்குள் மூன்று வாசல் கடந்துவிடும். அதற்குப் பிறகுதான் பைக் நிற்கவே ஆரம்பிக்கிறது. 30-க்குப் பதில் 60 என்றால் இடியின் வலு இரண்டு மடங்கில்லை, நாலு மடங்கு. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா பைக்கிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால், உங்கள் யோசனை தாமதமானால் அது என்ன செய்யும்?

ஆயிற்று. இடித்தாகிவிட்டது. கூட்டம் கூடுகிறது. பையன் சொல்லும் முதல் வார்த்தை என்ன?

'குறுக்கே வந்துட்டாங்க சார்.'

தமிழ்நாட்டின் எல்லா ஊரிலும் இதே வாக்கியம். பெரும்பாலும் பொய்யும் இல்லை. அவன் கண்ணுக்கு அவர்கள் குறுக்கேதான் வந்தார்கள். ஆனால், அந்த அம்மாள் நாற்பது வருஷமாக அதே இடத்தில் அதே நேரத்தில் தெருவைக் கடக்கிறார். அவரைக் கேட்டால் பைக்தான் குறுக்கே வந்தது. 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44 சதவிகிதத்துக்கு மேல் டூவீலரில் போனவர்கள். அவர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் செத்தது, வெறும் காலால் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒரு பங்கு.

'குறுக்கே வந்துட்டாங்க' கேஸ் நமக்குப் புதிதில்லை. திருவாரூரில் மனுநீதிச் சோழன் மகன் தேரில் போனான். கன்று ஒன்று துள்ளிக் குறுக்கே வந்தது. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறபடி அவன் வேண்டுமென்று செய்யவில்லை. பரிகாரம் செய்தால் போதும் என்று மந்திரிகளும் சொன்னார்கள். ராஜா கேட்கவில்லை. மகனைத் தேர்க்காலில் இட்டான். (அந்தத் திருவாரூரின் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது நம் திருச்சி பெல். இளவரசன் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.)

அந்தத் தண்டனையை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பிள்ளையைக் கொன்றால் இன்னொரு பிள்ளை எழுந்து வராது. புராணத்தில் சிவபெருமான் வந்து எல்லாரையும் எழுப்பினார். பைபாஸில் அந்த வசதி இல்லை. ஆனால், ராஜா ஒரு காரியத்தைச் செய்யவில்லை பாருங்கள். 'மாடு குறுக்கே வந்தால் என் மகன் என்ன செய்வான்?' என்று சொல்லவில்லை. நம் வீடுகளில் அதுதான் முதலில் வரும். அப்புறம் தெரிந்த வக்கீல். அப்புறம் தெரிந்த இன்ஸ்பெக்டர். 2019 திருத்தச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளை பைக்கில் குற்றம் செய்தால், அதை ஓட்டக் கொடுத்த பெற்றோருக்கோ சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். சோழ ராஜாவின் நிழல் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'அப்படியானால் வேகமாகப் போகவே கூடாதா?' போகலாமே. யாரிடமும் கடன் வாங்காத இடத்தில். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் பந்தயத் தடம் இருக்கிறது. எல்லாரும் ஒரே திசையில், எல்லாரும் தெரிந்தே வந்தவர்கள். கோலம் கிடையாது, பசு கிடையாது. மில் சொன்ன 'என் உயிர், என் ரிஸ்க்' அந்த வேலிக்குள் ஏறக்குறைய முழு உண்மை. திருச்சியிலிருந்து தூரம்தான். ஒரு தடவை போய் வந்தவனுக்கு ரோட்டில் காட்டிக்கொள்கிற ஆசை பாதி குறைந்துவிடும் என்பது என் அனுபவம்.

மேலச்சித்திரை வீதியில் ஒரு நண்பர். மகனுக்குப் பதினெட்டு முடிந்து, துவாக்குடிப் பக்கம் இன்ஜினீயரிங் காலேஜ். ஸ்போர்ட்ஸ் பைக்தான் வேண்டுமென்று மூன்று மாதமாக வீட்டில் உண்ணாவிரதம் மாதிரி. 'வாங்கிக் கொடுக்கலாமா சொல்லுங்கோ' என்று என்னைக் கேட்டார். கொடுங்கள் என்றேன். ஆர்.சி. உங்கள் பேரில் இருக்கட்டும், முதல் மாதம் தினமும் அவன் பின்னால் நீங்கள் உட்கார்ந்து போங்கள் என்றேன். அந்தப் பின் ஸீட்டைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும்.

டெலிவரி அன்று நானும் போயிருந்தேன். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. பையன் மெக்கானிக்கை ஓரமாகக் கூப்பிட்டு, பின்சக்கரத்தை மறைக்கும் புடவைத் தடுப்பைக் கழற்றச் சொன்னான். பைக்கின் அழகே போகிறதாம். எல்லாப் பையன்களும் முதலில் கழற்றுவது அதைத்தான். பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்க வேண்டும் என்று 1989-ன் மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது. பந்தய பைக் வேஷம் போட்டுக்கொண்டு வந்தாலும் சரி, இந்த ஊரில் பின்னால் யாரோ ஒரு அம்மா ஏறுவார் என்று யாரோ ஒரு அதிகாரி அன்றைக்கே நினைத்துப் பார்த்திருக்கிறார்.

'உங்கம்மா புடவை கட்டிண்டுதான்டா வருவா' என்றார் நண்பர்.

'அம்மா இதுல ஏறவே மாட்டாப்பா.'

'ஏறினா?'

பையன் பதில் சொல்லவில்லை. பைக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். மெக்கானிக் கையில் ஸ்பேனரோடு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். 'கழட்டவா, வேணாமா? சீக்கிரம் சொல்லுங்க சார். பின்னால இன்னும் நாலு டெலிவரி நிக்குது.'