பயப்படுகிறவருக்கு ஏற்ற படகு

முதல் படகு வாங்கப் புறப்படும் குடும்பங்களில் பேச்சு எஞ்சினில்தான் தொடங்குகிறது. எத்தனை குதிரைவலு, எவ்வளவு வேகம் போகும், பின்னால் ரியூப் கட்டிப் பிள்ளைகளை இழுக்கலாமா? வீட்டில் தண்ணீருக்கு மிகவும் பயப்படுகிறவர் யார் என்று முதலில் கேளுங்கள் என்பேன் நான்.

ரொறொன்ரோத் தமிழ் வீடுகளில் அதற்கு விடை தேடி அலைய வேண்டியதில்லை. 1990களின் முற்பகுதியில், போருக்குத் தப்பி, யாழ்ப்பாணத்தின் கிளாலிக் கடனீரேரியை இரவோடிரவாக வள்ளத்தில் கடந்து வந்தவர்கள் எங்களோடுதான் இருக்கிறார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை கஸ் டால்டன் என்ற மீனவர் கண்டு காப்பாற்றினார். அவர்களும் எங்கள் சனம்தான். படகென்றால் உயிர் தப்பும் வழி என்று பழகிப்போன மனசை, சனிக்கிழமை உல்லாசத்துக்கு வா என்று கூப்பிடுகிறோம். “கரை தெரியுமோ பிள்ளை?” என்பதுதான் அம்மா கேட்ட ஒரே கேள்வி. அதை வைத்தே நாங்கள் படகு தேடினோம்.

கரை தெரிகிற தண்ணீருக்கு ஒன்ராறியோவில் குறைவில்லை. ஒன்ராறியோ ஏரியிலிருந்து ஜோர்ஜியன் குடாவரை 386 கிலோமீற்றர் போகும் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் பெரும்பகுதி ஆறும் ஏரியும் வெட்டிய கால்வாயும்தான். அதற்கு பொன்டூன் படகு போதும். அலுமினியக் குழாய்களின் மேல் தட்டையான தளம், சுற்றிவரக் கம்பி வேலி, நிழலுக்குக் கூரை. துறைமேடையிலிருந்து வாசற்படி தாண்டுவதுபோல உள்ளே போய்விடலாம். முன்னாலும் இருக்கை உள்ள பௌரைடர் பார்க்க அழகுதான், ஆனால் அதன் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்து இறங்க வேண்டும். முழங்கால் தேய்ந்தவருக்கு அந்த ஒரு அடியே பெரிய மலை.

பொன்டூனுக்கும் எல்லை உண்டு. சிம்கோ ஏரி அகன்றது, திறந்தது. காற்று எழும்பினால் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும், தாழ்ந்த முன்தளத்தின்மேல் தண்ணீர் ஏறிவிடும். அங்கே ஓட ஆசைப்படுகிறவர்கள் ஆழமான ‘வி’ வடிவ அடியுள்ள படகைத்தான் வாங்க வேண்டும். நாங்கள் அந்த ஏரியையே விட்டுவிட்டோம். எனக்கு அதில் வருத்தமில்லை. வேகமாகப் போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் எங்களுக்கு வார இறுதியில் இல்லை.

எந்த எஞ்சின் படகானாலும் ஆளுக்கொன்றாக அவரவர் அளவில் உயிர்காப்பு அங்கியும், ஓட்டுபவரிடம் தகுதிச் சான்றும் இருக்க வேண்டும். இது கனடாவின் சட்டம்.

அதே ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில், பீற்றர்பரோவில் 1904இல் திறந்த படகுத் தூக்கி ஒன்று இருக்கிறது. இரண்டு பெரிய தொட்டிகள். மேல் தொட்டியில் ஓரடித் தண்ணீரைக் கூடுதலாக விடுகிறார்கள். அந்தப் பாரத்தில் அது இறங்க, மற்றத் தொட்டி படகுகளோடு இருபது மீற்றரளவு மேலே எழும்புகிறது. எங்கள் பொன்டூனோடு கீழ்த் தொட்டிக்குள் போய் எஞ்சினை நிறுத்திவிட்டோம். அம்மா கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். “எஞ்சின் நிண்டிட்டுது, பிறகும் மேல போகுதே!” தண்ணீர் தன்னைத் தாங்கித் தூக்குவதை அவர் அன்று கண்ணால் கண்டார். பிறகு கம்பியில் இருந்த கை தளர்ந்து, தேத்தண்ணிப் போத்தலைத் தேடியது.

மகள் இப்போது படகோட்டும் சோதனைக்குப் படிக்கிறாள், சிம்கோவில் ஓடக்கூடிய படகொன்று வேண்டுமாம். வாங்கலாம். அதிலும் முதலில் அம்மம்மா ஏறி இருந்து பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.