வரப்பு வழியே வந்தவர்



பொங்கல் கரும்புச் சக்கை இன்னும் தெருவில் கிடக்கிறது. இன்று பொதுக்காலம் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை. மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைக் கேட்டீர்கள். ஓய்வுநாளில் இயேசு வயல் வழியாகப் போகிறார். கூட வரும் சீடர்கள் நடந்துகொண்டே கதிர் கொய்கிறார்கள். பரிசேயர் அதைக் குற்றம் என்கிறார்கள். பிரசங்கம் வைக்கும் நாங்கள் வழக்கமாக அந்தச் சண்டைக்குத் தாவிவிடுவோம். நான் இன்று வயலிலேயே கொஞ்சம் நிற்கப் போகிறேன்.

அவர்கள் எங்கே போய்க்கொண்டிருந்தார்கள்? மாற்கு சொல்லவில்லை. மற்ற இடங்களில் கப்பர்நாகுமுக்குப் போனார், அக்கரைக்குப் போனார் என்று எழுதுகிறவர், இங்கே வயல் வழியாகப் போனார் என்பதோடு விட்டுவிடுகிறார். அந்த வழியில் அவர் யாரையும் குணமாக்கியதாகவும் இல்லை, கூட்டத்துக்குப் போதித்ததாகவும் இல்லை. நடந்தார்கள், பசித்தது, கதிரைக் கொய்தார்கள். உள்ளங்கையில் கசக்கித் தின்றார்கள் என்று லூக்கா ஒரு விவரம் கூடுதலாகத் தருகிறார். நெல்லையோ கம்பையோ அப்படிக் கசக்கி, உமியை ஊதிவிட்டு வாயில் போட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு விளக்கவுரை தேவையில்லை.

ஓய்வுநாள் நடைக்கு யூதர்களிடம் ஓர் அளவு இருந்தது: ஊர் எல்லையிலிருந்து 2,000 முழம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ஒலிவ மலைக்கும் எருசலேமுக்கும் இடையே உள்ள தூரத்தைத் திருத்தூதர் பணிகள் நூல் இந்தக் கணக்கில்தான் சொல்கிறது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போய்வரும் தூரம். நம் அன்னவாசல் பக்கத்தில் அந்தத் தூரத்துக்குள் ஒரு கண்மாய்க்கரை வந்துவிடும், நாலு பனைமரம் வந்துவிடும், கடலைக் கொல்லையும் பாறைத் திட்டும் வந்துவிடும். தை மாதத்தில் கண்மாயில் தண்ணீர் கிடக்கும்போது கொக்கும் நாரையும் இறங்கியிருக்கும். மயிலைச் சொல்லவே வேண்டாம். விராலிமலையிலிருந்து இங்கே வரைக்கும் அதுதான் பட்டாதாரர்.

“சாமி, நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் நாங்கள் நடக்காத நடையா?” என்று சில அம்மாக்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். அது கூலிக்கான நடை. மேஸ்திரி வருவதற்குள் போய்ச் சேர வேண்டும், தூக்குவாளி கையில், வெயில் தலையில். ஓய்வுநாளைக் கடவுள் கொடுத்ததே அப்படி நடக்கிறவர்களுக்குத்தான். இணைச்சட்ட நூலில் அந்தக் கட்டளை வரும் இடத்தைப் பாருங்கள்: நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓய்ந்திருக்கட்டும் என்கிறது. வாரத்தில் ஒரு மாலை, யாரும் ஏவாமல், எதையும் சுமக்காமல், அதே வரப்பில் கைவீசிப் போகும் உரிமை கூலிக்காரப் பெண்ணுக்கு உண்டு என்பது அதன் பொருள். ஓய்வுநாள் மனிதருக்காக உண்டானது என்று இயேசு சொன்னதை நான் இப்படித்தான் கேட்கிறேன்.

சரி, அடுத்தவன் வயலில் கதிர் கொய்தது திருட்டு இல்லையா? பரிசேயர்கூட அப்படிக் கேட்கவில்லை, கவனித்தீர்களா? கொய்வது அறுவடை, கசக்குவது போரடிப்பு என்பதுதான் அவர்கள் வழக்கு. ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகள் என்று ரபிகள் எழுதிவைத்த 39-இல் இரண்டும் உண்டு. திருட்டு என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் இணைச்சட்டம் 23-ஆம் அதிகாரம் தெளிவாக இருக்கிறது: பிறன் விளைச்சலுக்குள் போகும்போது கையால் கதிர் கொய்யலாம், அரிவாள் வைக்கக் கூடாது. திராட்சைத் தோட்டத்தில் வயிறாரத் தின்னலாம், கூடையில் போட்டுக்கொண்டு போகக் கூடாது.

இந்தச் சட்டம் நமக்குப் புதிதல்ல. கடலை பிடுங்கும்போது வழியே போகிறவர் ஒரு செடியை உருவி உதறித் தின்றால் யார் கேட்பார்கள்? மூட்டை கட்டினால்தான் பஞ்சாயத்து. விளைச்சலை அறுத்த பிறகு சிந்திய கதிர் ஏழைகளுக்கு என்று லேவியர் நூல் சொன்னது. ரூத்து பெத்லகேமில் பொறுக்கினாள். நம் பாட்டிகளும் பொறுக்கினார்கள். அறுவடை மெஷின் வந்தபின் அந்தப் பொறுக்குதல் குறைந்துவிட்டது.

கதிர் பொறுக்குவதை விடுங்கள், வயலுக்குள் போக வழி இருக்கிறதா என்பதே இப்போது கேள்வி. வண்டிப்பாதைகள் மனைப் பிரிவுக்குள் மறைகின்றன. ஒற்றையடிப் பாதையின் குறுக்கே கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுக்கிறோம். கண்மாய்க்கரையைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. பத்து நிமிடத்தில் தெருவுக்குப் போய்ச்சேர்ந்த வயதான அம்மா, லாரி பறக்கும் தார்ச்சாலை ஓரமாகச் சுற்றிப் போகிறார். வேலி போட்டவருக்குப் பட்டா இருக்கலாம். நற்செய்தியில் கேட்ட அந்த வயலின் சொந்தக்காரருக்கும் இருந்தது. ஆனாலும் இயேசு நடந்துபோக அங்கே ஒரு வழி இருந்தது.

வழி திறந்திருக்கும் இடத்திலும் நாம் நடப்பதில்லை. காணும் பொங்கலுக்குச் சித்தன்னவாசலுக்கு வேன் வேனாகப் போகிறோம். பூங்காவில் உட்கார்ந்து, புளிச்சோறு தின்று, செல்பி எடுத்துத் திரும்பிவிடுகிறோம். பாதிப்பேர் மலை ஏறுவதே இல்லை என்பது என் வருத்தம். அடிவாரத்துப் பொட்டலில் பெருங்கற்காலத்தார் தம் இறந்தோரை அடக்கிய கல்வட்டங்கள் இருக்கின்றன. ஏறிப்போய் மறுபக்கம் இறங்கினால் ஏழடிப்பட்டம். பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகள் அந்தக் காலத்துப் படி. இப்போது கம்பி பிடித்துப் போகலாம். குகைக்குள் 17 கற்படுக்கைகள். ஒன்றில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழி எழுத்து. சமணத் துறவிகள் அங்கே வெறும் கல்லில் படுத்தார்கள். எறும்பை மிதித்துவிடாமல் தரையைப் பார்த்து நடப்பது அவர்கள் நோன்பு. பைக்கில் இந்த ஊரைக் கடக்கும் நாம் எறும்பை அல்ல, எதிரே வரும் ஆளையே பார்ப்பதில்லை.

மேற்குச் சரிவில் அறிவர் கோயில். முன்மண்டப விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள்: மீன், அன்னம், எருமை, யானை, குளத்துக்குள் இறங்கிக் கையால் பூப்பறிக்கும் மனிதர்கள். நிறம் நிறைய உதிர்ந்துவிட்டது. எருமையை அவ்வளவு சரியாக வரைந்தவர் கண்மாய்க்கரையில் நடந்து பழகியவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். வேற்றுச் சமயத்தார் இடம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று: பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே சொல்லியாயிற்று. திருத்தந்தை பிரான்சிஸும் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ மடலில், கடவுளோடு நமக்குள்ள நட்பின் வரலாறு குறிப்பிட்ட இடங்களோடு பிணைந்தது என்கிறார். உங்களுக்கு அந்த இடம் ஓர் ஊற்றாக இருக்கலாம், ஒரு வேப்பமரத்தடியாகவும் இருக்கலாம். இந்த மண்ணுக்கு நற்செய்தி வந்ததும் கால்நடையாகத்தான். 1693-இல் ஓரியூரில் உயிர் கொடுத்த அருளானந்தர் மறவர் நாட்டுக்கு நடந்தே போனவர். அவர் திருநாள் பிப்ரவரி 4, இன்னும் சில நாள்தான்.

அதனால் இந்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, வெயில் தாழ்ந்ததும், ஆளுக்கொரு 2,000 முழம் நடப்போம். பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். செல்போன் வீட்டில் இருக்கட்டும். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் கூட வரும் தாத்தாவிடம் கேட்கச் சொல்லுங்கள். அவரிடம் யாரும் எதையும் கேட்டு வெகு நாளாயிருக்கும். முழங்கால் வலியால் வர முடியாதவர்கள் திண்ணையில் உட்காருங்கள், போகிறவர்கள் உங்களிடம் நின்று பேசிவிட்டுப் போவார்கள். வழியில் யாராவது கடலை கொடுத்தால் தின்னுங்கள், பை கொண்டுபோக வேண்டாம். தோட்டத்துக்கு வேலி போட்டவர்கள் ஆள் நுழையும் அளவு ஒரு திட்டிவாசல் விடுங்கள். ஆடு வந்துவிடும் என்றால் ஒரு படல் வைத்துச் சாத்திக்கொள்ளலாம்.

இப்போது எழுந்து நின்று, அறுவடைக்கு நிற்கும் சம்பா வயல்களுக்காகவும், பாதை அடைபட்டதால் சாலையோரம் சுற்றிப் போகிறவர்களுக்காகவும் மன்றாடுவோம்.