பாறைப் பிளவில் ஓர் உயிர்

அண்மையில் ஒரு ஜினாலயத் திருப்பணிக் கூட்டத்திற்கு நாமும் சென்றிருந்தோம். முன்மண்டபத்தின் பழைய தளம் பெயர்ந்துவிட்டபடியால், மெருகேற்றிய கிரானைட் கல் பதிக்கலாம் என்று பெரியோர் ஒருமனதாய்ப் பேசிக்கொண்டிருந்தனர். கல்லூரியில் விலங்கியல் பயிலும் ஒரு பெண் எழுந்து, "தாத்தா, அந்தக் கல் எடுக்கும் குன்றுகளில் ஒரு பல்லி வாழ்கிறதே, அதற்கு என்ன வழி?" என்று கேட்டாள். சிலர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டம் முடிந்தபின் அவளை அருகிருத்தி விவரம் கேட்டுக்கொண்டோம்.

அப்பல்லியின் அறிவியற் பெயர் ஹெமிடாக்டைலஸ் கிரானிடிகோலஸ். கருங்கல்லில் வாழ்வது என்பதே அப்பெயரின் பொருள். கர்நாடகத்தின் தென்பகுதியிலும் அதனையடுத்த தமிழகப் பகுதியிலும் உள்ள வறண்ட கற்குன்றுகளே அதன் உறைவிடம். நம் வீட்டுச் சுவரில் காண்பதைவிடப் பெரிய உடல். பாறையின் நிறத்தோடு கலந்துவிடும் மேனி. பகலெல்லாம் பிளவுக்குள் ஒடுங்கிக் கிடந்து, கல்லின் சூடு தணிந்தபின் பூச்சி தேடி வெளிவரும். இமையற்ற கண்ணை நாவினால் துடைத்துக்கொள்ளும். அதன் விரல்களில் பசை ஏதும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்களின் துணையால்தான் செங்குத்தான பாறையில் ஏறுகிறது. இத்தனை இருந்தும், 2011ஆம் ஆண்டில்தான் இது தனியினம் என்று அறிஞர் பிரித்தறிந்தனர். அதுவரை வேறோர் இனத்தின் பெயரே இதற்கும் வழங்கியது. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் நூல்கள் நம்மவர் வீடுகளிலும் இருக்கின்றன. அஃது உலக மூடம் என்று படித்தபின்னரும் இருக்கின்றன! பல்லி நமக்கு என்ன சொல்கிறது என்று ஆராய்ந்த நாம், அது எங்கே வாழ்கிறது என்று கேட்டதில்லை.

கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்ன மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. "கல் நிலவுடல் உயிர், ஓரறிவே உடையது. இல்லறத்தார் காக்கக் கடமைப்பட்டது இயங்குயிரையே. வீடு கட்டுவதும் கோயில் கட்டுவதும் ஆரம்ப இம்சை, அதை முற்றும் விலக்க இயலாது" என்றார். நூல்வழி அது சரியே. ஆனால் கல்வெட்டும் முறையைச் சற்றே நோக்குக. வெயிலாலும் மழையாலும் வெடித்துப் பாளம் பாளமாய்க் கிளம்பி நிற்கும் மேற்படலம் மெருகுக்கு உதவாது. ஆதலின் அதனை முதலில் அகற்றிவிட்டு, அடியிலுள்ள திண்ணிய கல்லையே துளையிட்டும் வைரக் கம்பியால் அறுத்தும் எடுக்கின்றனர். பல்லியின் வீடோ அந்த மேற்படலமே. விலை போகாத குப்பை என்று ஒதுக்கப்படும் இடத்தில்தான் ஐயறிவுயிர் ஒன்று முட்டையிட்டு வைத்திருக்கிறது. ஓரறிவுக் கணக்கில் தொடங்கிய பெரியவரின் வாதம் இங்கே நின்றுபோகிறது.

"நமக்குத் தெரியாதே" என்று சொல்லலாமா? பொன்னூர் மலையில் தவமியற்றினார் என்று நம் முன்னோர் வழிவழியாகப் போற்றிவரும் ஆச்சார்ய குந்தகுந்தர், பிரவசனசாரத்தில் இதற்கு விடை வைத்திருக்கிறார். உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும், கவனமின்றி ஒழுகுபவனுக்கு இம்சை உறுதி. விழிப்போடு நடப்பவனுக்கு, உயிர் நீங்கியதொன்றினாலேயே பந்தம் இல்லை. இதனை ஆறுதலாகவே நாம் பல்லாண்டு படித்துவந்தோம். இப்பொழுது படிக்கையில் முதற்பாதிதான் உறுத்துகிறது. தெரியாமை வேறு, தெரிந்துகொள்ள முயலாமை வேறு அன்றோ? 2011க்கு முன் அப்பல்லிக்குத் தனிப்பெயர் இல்லை என்பது உண்மை. ஆனால் பாறைப்பிளவில் ஏதோ ஓர் உயிர் இருக்கும் என்பதை அறிய அறிவியற் பெயர் எதற்கு? நம் முனிவர்கள் படுக்கை வெட்டிக்கொண்டு உறைந்த குகைகளில் பல்லியும் உடன் உறைந்திருக்கும்.

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டைச் சொல்லிவிடுகிறோம். நம் அடுக்களை மேடையும் கிரானைட்டே. ஓய்வூதியத்திலிருந்து வாங்கியது. நிறம் பார்த்தோம், விலை பேசினோம். எந்தக் குன்றைச் சேர்ந்தது என்று கடைக்காரரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அந்தியில் சுவரில் வரும் பல்லியை விளக்குமாற்றால் தள்ளக்கூடாது என்று பேரப்பிள்ளைகளை அதட்டுவதும் அதே மேடையருகே நின்றுகொண்டுதான். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றில், விலை கொடுத்தது எதில் அடங்கும் என்று மாணவிகளுக்கு நாம் கேள்வித்தாள் எழுதியிருந்தால் என்ன விடையை எதிர்பார்த்திருப்போம்?

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை அன்பர்கள் அறிவர். குன்றில் தீர்த்தங்கரர் திருவுருவமும் முனிவர் கற்படுக்கைகளும் உள்ள ஊர். 2022இல் அப்பகுதியில் 193 எக்டேர் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும், அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் எடுக்க 2024இல் ஏலம் நடந்தது. ஊர் மக்கள் விடாது போராடியபின் 2025 சனவரியில் அது கைவிடப்பட்டது. ஓர் அறிவிப்புப் பலகை மட்டும் ஒரு பாறையைக் காத்துவிடாது போலும்.

கோயிலுக்குக் கல்லே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் கோயில்கள் கல்லால் ஆனவையே. தளம் எவ்வளவு பரப்பில் பெயர்ந்திருக்கிறது, பழங்கற்களில் எத்தனையைத் திருப்பிப் பதிக்கலாம் என்று எவரும் அளந்து பார்க்கவில்லை என்பதே நம் குறை. அடுத்த கூட்டம் பௌர்ணமியன்று. அதற்குமுன் அந்தப் பெண்ணும் நாமும் அளவு நாடாவோடு ஒருமுறை மண்டபத்திற்குப் போய்வருவதாக இருக்கிறோம்.