செய்ததும் செய்யவும்

உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் ஆங்கிலம் பயிலும் பிள்ளைகளுக்கு மிகுந்த சங்கடத்தை உண்டாக்குவது, ஒரு வினைச்சொல்லை அடுத்து 'இங்' ஈற்றுத் தொழிற்பெயர் வருமா, 'டு' முன்வைத்த எச்சம் வருமா என்னும் சந்தேகம். 'என்ஜாய்', 'அவாய்ட்' முதலியவை முன்னதையும், 'டிசைட்', 'பிராமிஸ்' முதலியவை பின்னதையும் வேண்டும் என்று இரண்டு ஜாபிதாக்களைக் கரும்பலகையில் எழுதி, நெட்டுருப் போடச் சொல்வதோடு பாடம் முடிந்துவிடுகிறது. நெட்டுருவை நான் இகழவில்லை. இனி நடக்கவேண்டியதைச் சொல்லும் 'சஜெஸ்ட்' என்ற வினை தொழிற்பெயரையே ஏற்பதற்கு வழக்கைத் தவிர வேறு பிரமாணம் இல்லை. ஆனால் 'ரிமம்பர்' என்னும் வினை இரண்டையும் ஏற்று, ஏற்பதற்கேற்பப் பொருள் மாறும் இடத்தில் இலக்கணம் தத்துவ விசாரமாகிவிடுகிறது.

நம் மொழியிலேயே இதைக் காணலாம். 'கொடுத்ததை நினைத்தான்' என்னும்போது செயல் முடிந்து, பெயராகி, வேற்றுமை உருபையும் ஏற்று, ஒரு வஸ்துவைப்போல மனத்தின்முன் நிற்கிறது. அதைப் பார்த்து அவன் மகிழலாம், கர்வப்படலாம், வருந்தலாம். 'கொடுக்க நினைத்தான்' என்னும்போதோ செயல் இன்னும் பிறக்கவேயில்லை. அவன்மீது அதற்கு ஓர் உரிமை மட்டும் இருக்கிறது. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வான், பான், பாக்கு ஈற்று வினையெச்சங்களை எதிர்காலத்துக்கு உரியனவாக வகுத்ததையும், அவர் ஒரு சமணத் துறவி என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கத் தோன்றுகிறது.

ஏனெனில், மனிதனைப் பந்தப்படுத்துவது செய்த செயலா, செய்யக் கருதிய சங்கல்பமா என்ற வினாவைச் சமணர் மிகக் கடுமையாக எடுத்துக்கொண்டவர்கள். உத்தமபாளையத்தை அடுத்த கருப்பணசாமிப் பாறையில் 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றோடு வட்டெழுத்துச் சாசனங்களும் உண்டு. மேலூர்ப் பக்கத்துக் கருங்காலக்குடியில் இத்தகைய ஓர் உருவத்தின்கீழ், அச்சணந்தி என்ற சமண முனிவர் பெயரால், 'ஸ்ரீ அச்சணந்தி செயல்' என்றே வெட்டியிருக்கிறார்கள். செயல் என்பது தொழிற்பெயர், காலம் காட்டாது. உளி ஓய்ந்து ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் ஆகியும் அந்தச் செயல் கல்லில் இருக்கிறது. வினையானது நுண்ணிய புத்கலமாகி, அதாவது சடப்பொருளாகி, உயிரோடு ஒட்டிக்கொள்கிறது என்ற சமண சித்தாந்தம் எவ்வளவு திடமான அநுபவத்திலிருந்து எழுந்தது என்பது, அந்தப் பாறையின்முன் நிற்பவனுக்கு விளங்கும்.

மஜ்ஜிம நிகாயம் என்னும் பௌத்த நூலில் உபாலி என்ற சமண இல்லறத்தான் புத்தரோடு வாதிடுகிறான்: உடலால் செய்த தீங்கே கனமானது என்பது அவன் கட்சி, மனத்தின் வினையே கனமானது என்பது புத்தர் கட்சி. வென்றவர் புத்தர் என்று அந்நூல் சொல்கிறது. பௌத்தர் எழுதிவைத்ததாதலால், சமணர் தரப்பு அதில் முழுதும் வெளிப்பட்டிருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. உத்தமபாளையத்தில் தலைமுறைகளாக வாழும் ராவுத்தர் குடும்பங்களிலும், நோன்புக்கு முன் நிய்யத் என்னும் சங்கல்பம் வைக்கிறார்கள். செய்யக் கருதுதல் முதலில், செய்தல் பின்பு.

உபாலி, புத்தர் இருவரில் எவர் பக்கம் நியாயம் என்று கேட்டால், நான் உபாலியை முழுதும் கைவிடமாட்டேன். நாம் பிறருக்கு இழைத்த தீங்கைப் பொறுத்தவரை அவன் சொன்னதே சரி: 'அப்படிச் செய்ய நினைக்கவில்லை' என்ற சமாதானம், அடிபட்டவனுடைய காயத்தை ஆற்றாது. அந்தத் தீங்கைச் செய்ததாகவே நினைவில் வைக்கவேண்டும். நன்மையைப் பொறுத்தவரை எச்சமே உயர்ந்தது. கொடுத்ததை எண்ணி எண்ணிப் பார்ப்பவனைவிட, கொடுக்க மறவாதவனே ஊருக்கு வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இதை நேர்மாறாகச் செய்து, நல்லவற்றைப் பெயராக்கிக் காட்சிக்கு வைத்துக்கொண்டு, தீயவற்றைக் கருத்தின்மையால் மன்னித்துக்கொள்கிறோம்.

ஆகவே ஆங்கில ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: ஜாபிதாவைக் கொடுப்பதற்கு முன், கொடுத்ததை நினைத்தவனையும் கொடுக்க நினைத்தவனையும் பிள்ளைகள்முன் நிறுத்தி, இருவருக்கும் என்ன வித்தியாசம் என்று தமிழிலேயே கேளுங்கள். 'ரிமம்பர்' என்ற வினையைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம்.