பேணுதல் பற்றாகுமா?



தன் உடைமையை அக்கறையோடு பேணுகிறவன் அதனிடம் பற்றுக் கொண்டவன் ஆகிறானா? இவ்வினாவுக்கு ஆராயாமல் விடை கூறி, ஓர் இளைஞனை நம் சங்கத்தினின்று விலகச் செய்த குற்றம் என்னுடையது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

வைசாகப் பௌர்ணமியில் நம் பாடல்களுக்குக் கிதார் வாசிப்பவன் அவன். வாசித்து முடித்ததும் தந்திகளை ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணெய் தடவுவான். நான் உரை தொடங்கும் நேரத்திலும் ஒருநாள் அவ்வாறே செய்துகொண்டிருந்தான். "மரத்தைத் துடைக்கும் நேரத்தில் மனத்தைத் துடைக்கலாகாதா? இதுவன்றோ வேட்கை!" என்று பலர் முன்னிலையில் இடித்துரைத்தேன். அவன் மறுமொழி கூறவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு வரவுமில்லை.

பிறகுதான் அத்தொழிலின் நியாயத்தை விசாரித்தறிந்தேன். கைவியர்வையின் உப்பு எஃகுத் தந்தியை அரிக்கும். ஆகவே வாசித்தவுடன் உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். தந்திக்குத் தடவும் எண்ணெய் விரல் தடையின்றி வழுக்கிச் செல்ல உதவும். வீணை வாசிப்போர் விரலில் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்வதும் இதற்காகவே. ஈட்டி, கருங்காலி போன்ற பூச்சற்ற மரத்தாலான விரற்பலகை வறண்டால் சுருங்கும். உலோக மெட்டுகளின் முனைகள் வெளியே நீண்டு கையைக் கீறும். ஆண்டுக்கு ஓரிரு முறை சில துளி எண்ணெய் தடவி, மிகுதியைத் துடைத்துவிட்டால் போதும். அளவு மீறினால் அழுக்குச் சேரும். தந்தியின் ஒலி மங்கும். மெருகுப் பூச்சுள்ள மேப்பிள் பலகைக்கோ எண்ணெயே வேண்டுவதில்லை.

நூற்பாலையில் உழைத்த எனக்கு இது புதிய பாடமன்று. எண்ணெய் குறைந்தால் கதிர் சூடேறித் தேயும். மிகுந்தால் நூலில் கறை படியும். கைகள் அறிந்திருந்ததை என் நாக்கு மறந்துவிட்டது.

பகவன் புத்தரின் வழி யாது? சம்பா நகரச் செல்வர் மகனான சோணர், துறவு பூண்டு, கால்களில் குருதி கசியுமளவும் நடந்து தியானம் பயின்றார். பயன் காணாமல் இல்லறத்துக்குத் திரும்ப எண்ணினார். பகவன் அவரிடம் வந்து, அவர் முன்பு பயின்ற வீணையைப் பற்றியே வினவினார்: தந்தி மிக முறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை பிறக்குமா என்று. சோணரின் கைப்பழக்கத்தைப் பகவன் இகழவில்லை. அதையே தம்மத்தின் வாயிலாக்கினார். நானோ அவ்வாயிலை அடைத்தேன். உபோசத நாளில் எட்டுச் சீலம் ஏற்றவர் இசையை விலக்குவது அவர் தாமே பூணும் விரதம். பிறரைச் சுடுவதற்கான கோல் அன்று.

ஆனந்தர் வரலாற்றையும் நோக்குங்கள். ஐந்நூறு சீவரங்களை என்ன செய்வீர் என உதேன மன்னன் கேட்டபோது, பழையவை விரிப்பாகும், பின்னர் கால்துடைக்கும் துணியாகும், இறுதியில் மண்ணோடு குழைந்து தரைக்கு மெழுகாகும் என்றார். பற்றற்றவர்தாம் பொருளை வீணாக்காமல் பேணினார்.

அப்படியாயின் பற்று எங்கே தொடங்குகிறது? பொருளைப் பேணுகையில் அன்று. பிறன் அதைத் தொடும்போது நெஞ்சு துடிக்கிறதே, அங்கேதான். பிறர் தொட்டால் தீட்டு என்று நீர்த்துறையையும் கோயிலையும் பூட்டியவர்களின் கொடுமையைக் கண்டவர்கள் நாம். அவர்கள் பேணியது நீரையன்று, தம் மேன்மையை.

சென்ற வாரம் அவ்விளைஞன் இல்லம் சென்று, "தம்பி, தவறு என்னுடையது" என்றேன். அவன் ஒன்றும் கூறாமல் கிதாரை எடுத்து என் மடியில் வைத்தான். பிறகு, "தந்தியைக் கீழிருந்தும் துடைக்க வேண்டும், ஐயா" என்று துணியை நீட்டினான். துடைத்தேன். அவனிடம் பற்று இருந்ததா என்னும் வினாவுக்கு விடை என் மடியிலேயே இருந்தது.

பெரியோர்களே, இளைஞர் கையிலுள்ள தொழிலை வேட்கை எனப் பழிக்குமுன், அருகில் அமர்ந்து அதைக் கற்றுப் பாருங்கள். நம் சொல்லுக்கும் சிறிது எண்ணெய் வேண்டும், அளவோடு.