அதுக்கென்ன குறை?

ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளங்களின் பக்கம் போனால் கல்லாகிப்போன சிப்பிகளைப் பார்க்கலாம். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது. அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து 45 ஆண்டுகள் ஆன என் மாமியார் கடலைப் பார்த்ததே இல்லை. சென்ற கோடை விடுமுறையில் குடும்பமாக ராமேஸ்வரம் கிளம்பினோம். வழியில் மண்டபத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மீன் காட்சியகத்தைப் பார்க்க இறங்கினோம்.

கோமாளி மீன்கள் இருந்த தொட்டியின் முன்னால் என் மகள் நெடுநேரம் நின்றாள். "பாவம்மா, ஒரே எடத்துல சுத்துது" என்றாள்.

"அதுக்கென்ன குறை? வேளாவேளைக்குத் தீனி. பெரிய மீன் தின்னுடுமோங்கிற பயமும் இல்ல" என்றார் என் கணவர். மகளைத் தேற்றத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. திருமணமான புதிதில், மேலே படிக்க வேண்டும் என்றபோது என் அம்மா கேட்டது இதே கேள்வி: "உனக்கென்ன குறை அங்க?"

இந்தக் கேள்விக்கு யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. சோறு, துணி, கூரை, காவல் என்று ஒரு பட்டியல் கேட்பவரின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை நாம் சொன்னால் அது திமிர், அல்லது நன்றிகெட்டதனம்.

கோமாளி மீன் கூட்டத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியது பெண். முட்டைகளைப் பெரும்பாலும் காப்பது ஆண். அந்தப் பெண் இறந்துவிட்டால் அதன் துணையான ஆண் பெண்ணாக மாறிவிடும். 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் தாய் இறந்த பிறகும் தகப்பன் தகப்பனாகவே இருக்கிறது. நமக்குப் பழகிய குடும்பத்தின் அளவுக்கு மீனின் வாழ்க்கையையும் வெட்டித் தைத்துவிடுகிறோம். அதன் தேவையை மட்டும் எப்படிச் சரியாக அளந்துவிட முடியும்?

தொட்டியை உடைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. தொட்டியிலேயே வளர்ந்த மீனைத் திடீரெனக் கடலில் விட்டால் அது பிழைப்பது கடினம். கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பது வெறுங்கையோடு வீட்டைவிட்டு வந்த பெண்களுக்குத் தெரியும். ஆனால் வெளியே பிழைக்க முடியாதபடி வளர்த்துவிட்டு, அந்த இயலாமையையே உள்ளே வைத்திருப்பதற்குக் காரணமாகக் காட்டுவது என்ன நியாயம்?

அதே மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986இல் தேசியப் பூங்காவானது. அங்கே போகக் கட்டுப்பாடுகள் வந்தன. தங்கள் உரிமைக்காக அந்தப் பெண்கள் குரல்கொடுத்து வருகிறார்கள். அவர்களை முதலில் கடலில் இறக்கியது வறுமையாக இருக்கலாம். ஆனாலும், எந்த ஆபத்தை ஏற்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் இடத்தில் தாங்களும் இருக்க வேண்டும் என்பதாகவே அந்தக் குரலை நான் கேட்கிறேன்.

மாலையில் அக்னி தீர்த்தக் கடலில் மாமியார் முழங்கால் வரை இறங்கி நின்றார். "போதும்மா, பொடவ நனையுது, கோயிலுக்கு நேரமாச்சு" என்று மகன் கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

நான் அருகே போய், "இன்னும் எவ்ளோ நேரம் வேணும் அத்தை?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. இன்னும் பாத்து முடியல" என்றார்.