தீமைக்கு முகம் உண்டா?



ஒரகடத்தில் முதல் ஷிப்டு முடித்து வீடு திரும்புகிறார் தகப்பனார். பிள்ளை கைபேசியில் சித்திரப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறது. புதிய பாத்திரம் ஒன்று திரையில் தோன்றுகிறது. அது வாய் திறக்குமுன்பே, “அப்பா, இவன் கெட்டவன்!” என்கிறது குழந்தை. எப்படித் தெரிந்தது?

சித்திரக்காரர் கோடுகளாலேயே சொல்லிவிடுகிறார். நல்லவனுக்கு உருண்ட முகம், அகன்ற கண், நிமிர்ந்த நடை. கெட்டவனுக்கோ கூரிய தாடை, ஒட்டிய கன்னம். பதுங்கிப் பதுங்கி வருவான். டிஸ்னியாரின் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ (1959) படத்துச் சூனியக்காரிக்குத் தலையிலே கொம்பு. ‘லயன் கிங்’ (1994) படத்தில் அரசச் சிங்கத்துக்கு அகன்ற மார்பு. அதற்குத் துரோகம் செய்யும் தம்பிக்கு மெலிந்த உடல், கறுத்த பிடரி, கண்ணருகே ஒரு தழும்பு. அதன் பெயரான ‘ஸ்கார்’ என்பதற்கும் தழும்பு என்றே பொருள்.

இத்தகைய அடையாளம் நமக்குப் புதியதன்று. நம் காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் கட்டைக்கூத்திலும் முகவர்ணமும் அடவும் பாத்திரத்தைக் காட்டுகின்றன. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஆள் விளங்க வேண்டுமல்லவா? ஆனால் அங்கே ஒரு விசேஷம் உண்டு. கிரீடமும் புஜக்கட்டையும் அர்ச்சுனனுக்கு மட்டும் உரியவை அல்ல. கர்ணனும் அணிகிறான், துரியோதனனும் அணிகிறான். திரை விலக்கிச் சுழன்றாடும் கம்பீரம் அவர்களுக்கும் உண்டு. துரியோதனன் எப்படிப்பட்டவன் என்று அறியக் கிரீடத்தைப் பார்த்தால் போதாது. சபையிலே திரௌபதிக்கு அவன் செய்வித்ததைப் பார்க்க வேண்டும்.

தோற்றத்தைக் கண்டே தீர்ப்பிடும் பழக்கம் படத்தோடு நின்றுவிட்டால் பாதகமில்லை. நின்றுவிடுகிறதா? 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாகக் கைபேசிகளில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு முதிய பெண்மணியை ஊரார் அடித்தே கொன்றார்கள். அதே மாதத்தில் பழவேற்காட்டில் ஒரு மனிதரும் அவ்வாறே மாண்டார். அடித்தவர்கள் தங்களையே நல்லவர்களாக எண்ணியிருந்தார்கள். இதுவன்றோ பயங்கரம்!

சித்திரக்காரர்களும் சில சமயம் இதைத் திருத்தியிருக்கிறார்கள். ‘பியூட்டி அண்டு தி பீஸ்ட்’ (1991) படத்தில் அழகனான வேட்டைக்காரனே கொடியவன்; கோரமுகத்தான் இரக்கம் கற்றுக்கொள்கிறான். ‘ஃப்ரோசன்’ (2013) படத்தில் இனிய முகமுள்ள இளவரசனே வஞ்சகன். நமக்கு இது வியப்பாகலாமா? யூதாஸ் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தது முத்தத்தினால் அல்லவா?

பெற்றோர்களே, படத்தைத் தடுக்க வேண்டாம்; அருகில் அமருங்கள். பிள்ளை “இவன் கெட்டவன்” என்றால், “அவன் என்ன செய்தான்?” என்று கேளுங்கள். செய்கையைச் சொல்லத் தெரியாவிட்டால், தீர்ப்பைச் சற்றே நிறுத்தி வைக்கப் பழக்குங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்து, நம் தெருவில் ஓர் அறையில் பலராய்த் தங்கியிருக்கும் வாலிபர்களைப் பார்க்கும்போதும் அதே கேள்வி உதவும்.

இரும்போடு உழைக்கும் தகப்பனார் பலரின் கையிலும் தழும்பு உண்டு. அதையும் பிள்ளைக்குக் காட்டுங்கள். தழும்பு தீமையின் முத்திரை அன்று என்பதை அது வீட்டிலேயே கற்றுக்கொள்ளட்டும்.